கலசம் இல்லாத அளவு

லோரோங் கெனாரி, பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2024

ஒரென்ஸா டவரின் தலைமைக் கட்டடக் கலைஞர் உயர்திரு சிவநேசன் அவர்களின் சமூகத்துக்கு,

மேற்படி தெருவில் டோபிக் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் மாதவி எழுதிக்கொள்வது. தங்கள் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் எங்கள் தபால் பெட்டியில் கிடந்தது. 'அன்பார்ந்த அண்டை வீட்டாருக்கு' என்று ஆரம்பிக்கிறது. மலாயும் ஆங்கிலமும் ஒழுங்காக இருக்கின்றன. தமிழில் மட்டும் 'உங்கள் சிரமத்துக்கு நாங்கள் மகிழ்கிறோம்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். கிள்ளான் நீதிமன்றத்தில் இத்தனை வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை.

அண்டை வீட்டார் என்று கூப்பிட்டதற்கு நன்றி. தாங்கள் பிறந்ததும், பால்பல் விழுந்ததும், எஸ்.பி.எம். பரீட்சை எழுதியதும் இதே அண்டை வீட்டில்தான். மரியாதை போதும், இனிமேல் நீ.

நோட்டீஸை அம்மாவிடம் காட்டவில்லை. நீ ஒரு பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிறாய் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எதிரே நிற்கிற கண்ணாடி டவரைத் தினமும் வைகிறாள். யாரை வைகிறாள் என்று என்றாவது ஒரு நாள் சொல்லத்தான் போகிறேன்.

உன் டவருக்கு மெயின் ரோட்டுப் பக்கம் முகம் இருக்கிறது. தண்ணீர் வழியும் கற்சுவர், கோட்டுப் போட்ட காவலாளி, பூச்சட்டி எல்லாம் அங்கே. எங்கள் தெருப் பக்கம் அதற்கு முதுகு. குப்பை அறை, ஜெனரேட்டர், லோரி வந்து திரும்புகிற இடம், அதற்கு மேல் ஏழு மாடிக்குக் கார் நிறுத்துகிற மொட்டைச் சுவர். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. காலையில் வெயிலை மறைக்கிறது, துணி காய்வதில்லை. சாயங்காலம் மேற்கே இறங்குகிற சூரியனைப் பிடித்து எங்கள் அடுப்படியில் கொண்டுவந்து கொட்டுகிறது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது முன்பெல்லாம் வானத்தைப் பார்த்தே வீடு நெருங்கிவிட்டது என்று சொல்லிவிடுவேன். இப்போது சலவைக் கடைச் சட்டை மாதிரி எல்லாம் ஒரே மடிப்பு.

இந்த அழகு போதாதென்று எல்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷனிலிருந்து டவருக்கு எங்கள் தெருமுனைக்கு மேலே கண்ணாடிப் பாலம் வருகிறதாம். ஆபீஸ்காரர்களின் கால் சப்பாத்தில் எங்கள் தெரு ஒட்டிக்கொள்ளக் கூடாது, புரிகிறது. 'கோவில் ரதம் செல்லப் போதிய உயரம் விடப்பட்டுள்ளது' என்று கடைசியில் ஒரு வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் முழங்கால் போய் இரண்டு வருடமாகிறது. மாடிப்படி இறங்குவதில்லை. கோவில் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவள் மாரியம்மனைப் பார்ப்பது வருடத்தில் ஒரே முறை, ஆடித் திருவிழாவில் ரதம் நம் ஜன்னலுக்கு நேரே வந்து நிற்கும்போது. அம்பாளும் அவளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள். ரதத்தில் நிற்கும் குருக்கள் கையை நீட்டி அர்ச்சனைத் தட்டை ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொள்வார். மற்ற நாளெல்லாம் அவள் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறாள்.

ஆகவே கேட்கிறேன். போதிய உயரம் என்றால் எவ்வளவு? யார் அளந்தது? எங்கே வைத்து அளந்தது? பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அங்கே நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒளிந்துகொள்வாய்.

இப்படிக்கு,
தங்கள் மகிழ்ச்சிக்காகச் சிரமப்படும்
மாதவி

*

சுபாங் ஜெயா
16 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துத் திறந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து செக்ரட்டரி, "பாஸ், லாயர் நோட்டீஸா?" என்றாள். "அதைவிட மோசம் லா. எங்க அக்கா" என்றேன்.

தமிழ் நோட்டீஸ் என் தப்பு. ஏஜென்சி கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ரதத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அந்த வேலையை நான் யாரிடமும் விடவில்லை. கோவில் ரத ஷெட்டுக்கே போய் லேசர் வைத்து நானே அளந்தேன். கோவில் கமிட்டித் தலைவர் சபாபதி அங்கிள் கூடவே நின்றார். அதற்கு மேல் ஒரு முழம் விட்டுத்தான் பாலத்தின் மட்டத்தை முடிவு செய்தோம். கம்பெனிக்காரர்கள் பாலத்தை டவர் ஆட்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கப் பார்த்தார்கள். பொதுஜனமும் நடக்கலாம் என்று சண்டை போட்டு வாங்கியவன் நான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

உனக்குக் கட்டடம் என்றாலே எரிச்சல். நம் டோபிக் கடை வரிசையும் ஒரு காலத்தில் புதிதாகக் கட்டியதுதானே. அப்போதும் யாரோ ஒரு அக்கா வானத்தை மறைக்கிறது என்று திட்டியிருப்பாள். நம் தெருப் பையன் ஒருவனின் பெயர் அந்த டவரின் வாசல் கல்லில் இருக்கிறது. நீ ஒரு நாள் வந்து அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வர மாட்டாய், தெரியும்.

மலர்விழி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். மகள் வைஷ்ணவிக்கு மெல்பர்னில் பரீட்சை நெருங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி,
நேசன்

*

பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 2024

அன்புள்ள தம்பி,

எண்ணெய் வந்தது. நாற்றம் டோபிக் கடை வரைக்கும் போகிறது. அம்மா அதைத் தடவிக்கொண்டு உன்னை வாழ்த்தினாள்.

'ஷெட்டுக்கே போய் அளந்தேன்' என்று எழுதியிருக்கிறாய்.

ஷெட்டில் நிற்கிற ரதத்துக்குக் கலசம் ஏதடா?

திருவிழா முடிந்ததும் கலசத்தை இறக்கிச் சிவப்புத் துணியில் சுற்றிக் கருவறைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் ஊர்வலத்தன்று காலையில் பூஜை போட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். கலசத்துக்கு மேல் குடை. இதெல்லாம் நான் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா? "கலசம் ஏறுது, கலசம் ஏறுது" என்று காற்சட்டை நழுவ இந்தத் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியவன் நீதானே. நீ மொட்டை ரதத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறாய்.

வெளியூர்க்காரன் ஒருவன் அளந்திருந்தால், "இவ்வளவுதானா, இதுக்கு மேல ஏதும் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். தெரியாதவனுக்கு அந்தப் பயம் இருக்கும். நீ தெரிந்தவன், பிறந்த மண், பத்திரிகையில் 'பிரிக்பீல்ட்ஸின் மைந்தன்' என்று படம் போட்டுக்கொண்டவன். கேட்பாயா? கூட நின்ற சபாபதி அங்கிளுக்கு அன்று உங்கள் கம்பெனி கொடுத்த கேக் வாயில் இருந்திருக்கும்.

டோபிக் கடை வரிசையும் புதிதாகக் கட்டியதுதான் என்று வாதாடுகிறாய். உண்மைதான். கட்டியவன் தெருவைப் பார்த்துக் கதவு வைத்தான். மழைக்கு யார் வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொள் என்று முன்னால் கூரையோடு அஞ்சடிப் பாதை விட்டான். உன் டவரில் மழைக்கு ஒதுங்கிய நாகையாவைக் காவலாளி என்ன சொன்னான் தெரியுமா? "அங்கிள், இங்க நிக்க கூடாது, கெமரா பார்க்குது." பூக்கடை நாகையாவைத்தான் சொல்கிறேன். உன் கல்யாண மாலை கட்டியவர். லோரி திரும்ப இடம் வேண்டும் என்று அவர் கடையை எடுத்துக் குப்பை அறைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டீர்கள். மல்லிகைக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும்? பிறகு குற்ற உணர்ச்சியோ என்னவோ, ஏழு மாடிச் சுவர் முழுக்க மாலை தொடுக்கிற ஒரு பொம்பளையைப் படமாக வரைந்திருக்கிறீர்கள். டூரிஸ்ட்டுகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்து உண்மையாகவே மாலை தொடுக்கிறவரிடம் ஒரு முழம் பூ வாங்க ஆளில்லை.

பாலம் இன்னும் முழுசாக ஏறவில்லை. தூண்தான் நிற்கிறது. உடனே போய் உயரத்தை மாற்று.

அக்கா

*

சுபாங் ஜெயா
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நீ சொன்னது சரி. கலசத்தை மறந்துவிட்டேன். குடையையும். எப்படி மறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பாலத்தை உயர்த்த முடியுமா என்று எல்லாம் பார்த்தேன். ஒரு பக்கம் ஸ்டேஷன் தளம், இன்னொரு பக்கம் டவரின் தளம். இரண்டும் ஏற்கெனவே நிற்கின்றன. நடுவில் மட்டும் தூக்கினால் படிக்கட்டு வரும், சக்கர நாற்காலிக்காரர்கள் போக முடியாது, மாநகர மன்றம் விடாது. கலசத்தை மடிக்கிற மாதிரி ஒரு பொறி செய்து தருகிறோம் என்று குருக்களிடம் கேட்டேன். பூஜை போட்டு ஏற்றிய கலசத்தைச் சாய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் கோவில் கமிட்டியோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த வருடத்திலிருந்து ரதம் நம் தெருமுனை வரைக்கும் வந்து, உள்ளே நுழையாமல் இடது பக்கம் திரும்பி மெயின் ரோடு வழியாகப் போகும். அது அகலமான ரோடு, கூட்டத்துக்கும் வசதி. கம்பெனி கோவில் மண்டபத்துக்கு ஏர்கான் போட்டுத் தருகிறது.

அம்மாவுக்கு நான் வேறு ஏற்பாடு செய்கிறேன். கோபப்படாதே. முடிந்ததைத்தான் செய்திருக்கிறேன்.

நேசன்

*

பிரிக்பீல்ட்ஸ்
5 மே 2024

உயர்திரு சிவநேசன் அவர்களுக்கு,

மறுபடியும் உயர்திருவாகிவிட்டாய், வாழ்த்துகள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சபாபதி அங்கிள் மைக்கைப் பிடித்து, "அம்பாளே மெயின் ரோட்டுக்கு வரணும்னு ஆசப்படுறா" என்றார். அம்பாள் அவரிடம் எப்போது சொன்னாள், எந்த மொழியில் சொன்னாள், மொழிபெயர்த்தது யார் என்று கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். "பொம்பள ஒருத்திக்காக ரதம் ஓடுதா லா?" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஓடத்தான் செய்தது அப்பனே, இத்தனை வருடமாக. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒவ்வொரு பொம்பளைக்காகத்தான் நின்று நின்று ஓடியது.

பிறகு கை தூக்கினார்கள். ஏர்கானுக்காகத் தூக்கிய கைகள் எல்லாம் அக்குள் வேர்த்திருந்தன.

ஒன்றை மட்டும் நினைத்துப் பார். பாங்கில் வேலை பார்க்கிறவன் வெயில் படாமல் போய்க் காப்பி வாங்க வேண்டும் என்பதற்காக அம்பாள் வழியை மாற்றிக்கொள்கிறாள். உன் டவருக்கு ஏதோ பச்சைக் கட்டடம் என்று விருது கொடுத்தார்களாமே. வாங்கி மாட்டிக்கொள். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் ஈ ஓட்டுகிறார்கள். பாலம் திறந்துவிட்டால் ஆபீஸ்காரன் எவனும் கீழே கால் வைக்கப் போவதில்லை. தெருவைக் கொல்ல அதை இடிக்க வேண்டாம், அதற்கு மேலே நடந்து போனால் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

அம்மாவிடம் ரதம் வராது என்று நான் சொல்லவில்லை. அவள் இப்போதே ஜன்னல் கம்பிக்குப் பித்தளைப் பாலிஷ் கேட்கிறாள். நீ வந்து சொல். வந்து எதிரே உட்கார்ந்து, 'அம்மா, நான்தான்' என்று சொல்.

மாதவி

*

சுபாங் ஜெயா
14 ஜூலை 2024

அக்கா,

இரண்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுத மனமில்லை. நீ நீதிமன்றத்தில் நிற்கிறவள். நான் எப்போதும் உனக்குக் கூண்டில் நிற்கிறவன்.

திருவிழாவன்று ஒரு வேனும் இரண்டு ஆட்களும் அனுப்புகிறேன். அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கிப் பாலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். மேலே ஏர்கான் இருக்கிறது. ரதம் முனையில் திரும்புவதைக் கண்ணாடி வழியாக நன்றாகப் பார்க்கலாம். அங்கே என்னோடு இருக்கட்டும்.

நேசன்

*

பிரிக்பீல்ட்ஸ்
20 ஜூலை 2024

சிவநேசனுக்கு,

சாமியைத் தலைக்கு மேல் நின்று பார்க்கிற வழக்கம் உன் வம்சத்தில் உன்னோடு ஆரம்பிக்கட்டும். அம்மா வர மாட்டாள். நம் ஜன்னல் கூடக் கலசத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

வேனை அனுப்பாதே.

மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்ட் 2024

சிவநேசனுக்கு,

நேற்றுத் திருவிழா நல்லபடியாக நடந்தது. நீ பாலத்தில் நின்றுகொண்டிருந்தாய். நீலச் சட்டை. நான் பார்த்தேன்.

அம்மா மத்தியானமே குளித்து, பச்சைச் சேலை கட்டி, ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், நாகையா கொடுத்தனுப்பிய மல்லிகை. நம் குடும்பத்தில் எல்லோர் பெயரையும் நட்சத்திரத்தோடு ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முதலில் உன் பெயர்.

மேளச் சத்தம் நெருங்கியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முனையில் ரதம் தெரிந்தது. விளக்கும் பூவுமாக அப்படி ஜொலித்தது. கும்பிட்டாள். ரதம் நின்றது. பிறகு மெல்ல இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரதத்தின் பின்பக்கம் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. மேளச் சத்தம் டவருக்கு அந்தப் பக்கம் போய் அடங்கியது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு வீட்டுல சாவு?" என்றாள்.

உனக்கும் தெரியும். தெருவில் பிணம் கிடந்தால் மட்டும்தான் ரதம் உள்ளே வராமல் திரும்பும். அவள் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வேறு எதற்கும் திரும்பியதில்லை. "ஏன்டி சொல்ல மாட்டேங்கிற, யாரு வீட்டுல?" என்று மறுபடி கேட்டாள்.

பாலத்தில் நீலச் சட்டை தெரிந்தது. "உன் மகன் வீட்டுலம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வாய் தவறிச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மாதவி

*

பிரிக்பீல்ட்ஸ்
16 ஆகஸ்ட் 2024

தம்பி நேசா,

இதைத் தபாலில் போடவில்லை. உன் டவரில் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். என் அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மேலே வரவில்லை. கீழே குளிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். நியாயம்தான், அதைப் பற்றிப் பேச வரவில்லை.

அம்மா அன்றைக்கு நான் சொன்னதை நம்பிவிட்டாள்.

கோபத்தில் சொன்னேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அன்றே சொன்னேன், மறுநாளும் சொன்னேன். கேட்க மாட்டேன் என்கிறாள். தங்கவேலு மாமா பூச்சோங்கில் இறந்தபோது, அவள் தாங்க மாட்டாள் என்று நீயும் நானும் ஒரு மாதம் மறைத்து வைத்தோமே, அதை மறக்கவில்லை. "இப்பவும் மறைக்கிறீங்க. எனக்கு வயசாயிடுச்சின்னு என்ன முட்டாளாக்குறீங்க" என்று அழுகிறாள். மலர்விழிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் பாவம் சளி. "மருமக குரலு அழுது அழுது கம்மிப் போயிருக்கு" என்று இன்னும் மோசமாகிவிட்டது. நீயா, வைஷ்ணவியா என்று தெரியாமல் தவிக்கிறாள். என்னிடம் கேட்கவும் பயப்படுகிறாள்.

நேற்று கிள்ளானிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாகப் படியில் கால் வைக்காதவள், உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து பாதி வரைக்கும் வந்துவிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. ஏறவும் முடியவில்லை. நாகையா தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மடியில் ஒரு மூட்டை. ஒரு பழைய சேலை, திருநீற்றுப் பை, வைஷ்ணவிக்குப் பிடித்த முறுக்கு டின். போனது அவள் இல்லை என்று நினைத்துக்கொண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

"என்ன நேசன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. எம்புள்ளயப் புடிச்சி அழுவணும்" என்றாள். நாகையாவும் நானும் தூக்கிக்கொண்டு மேலே போனோம். அவள் உடம்பில் கனமே இல்லை.

நான் சொன்ன சொல்லுக்கு நான்தான் அனுபவிக்க வேண்டும். அவள் ஏன் அனுபவிக்க வேண்டும்? எனக்காக வராதே. அவளிடம் உன் முகத்தைக் காட்டிவிட்டுப் போ. நீ வரும்போது நான் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

சுபாங் ஜெயா
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நேற்று நீ கோர்ட்டுக்குப் போன பிறகு நானும் மலர்விழியும் வந்தோம். உன் கடிதத்தைப் படித்த அன்றே வந்திருக்க வேண்டும். மூன்று நாள் உன்மேல் இருந்த கோபத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

அம்மா முதலில் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மலர்விழியை. மெல்பர்னுக்கு வீடியோ போட்டு வைஷ்ணவியைக் காட்டினோம். "சிரிச்சிக்காட்டு ஆயி" என்றாள். அவள் சிரித்தாள். "அந்தப் பக்கம் திரும்பு" என்றாள். திரும்பினாள். அதற்குப் பிறகுதான் அம்மா மூச்சு விட்டாள். முறுக்கு டின்னை என்னிடம் கொடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பிவிடு என்றாள்.

"அப்ப ஏன் ரதம் வரல?" என்று கேட்டாள். நீ என்னை வந்து சொல்லச் சொன்னாய், அக்கா. சொல்லலாம் என்றுதான் ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்தைக் காட்டி, "அது தட்டும்மா, கலசம் அதுல இடிக்கும்" என்றேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். ஆட்கள் கண்ணாடிக்குள்ளே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள், கையில் காப்பியோடு. ஒருத்தன் கூடக் கீழே பார்க்கவில்லை.

"எந்தப் பாவி கட்டுனான்?" என்றாள்.

"யாரோ ஒரு கம்பெனிக்காரன்மா" என்றேன்.

"ரதத்த மறிச்சவன் வெளங்குவானா? அவன் குடும்பம் வெளங்குமா?" என்றாள். மலர்விழி அடுப்படிக்குள் போய்விட்டாள். நான், "வெளங்க மாட்டான்மா" என்றேன்.

உடனே அம்மா திருநீற்றுப் பையை எடுத்தாள். என்னைக் குனியச் சொல்லி நெற்றி நிறையப் பூசி, "எம்புள்ள நீ நல்லா இருப்பா. நூறு வருஷம் இருப்ப" என்றாள். இரண்டும் ஒரே வாய், அக்கா. ஒரு நிமிஷம் கூட இடைவெளி இல்லை.

எது பலிக்கும்?

அந்த அர்ச்சனைத் தேங்காய் இன்னும் உடைக்காமல் சாமி மேடையில் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கிறேன் என்றாள். அதுவரைக்கும் தாங்காது, கொப்பரையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

கட்டியது நான்தான் என்று என்றாவது ஒரு நாள் அம்மாவிடம் சொல்லத்தான் போவதாக நீ எழுதியிருந்தாய். சொல்லாதே என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

நேசன்

*

பிரிக்பீல்ட்ஸ்
22 ஆகஸ்ட் 2024

தம்பி நேசா,

எது பலிக்கும் என்று என்னைக் கேட்காதே. நானும் ஒன்று சொல்லிவிட்டு, அது பலிக்கக் கூடாது என்று பத்து நாளாக மாரியம்மனிடம் கிடக்கிறேன்.

சாட்சி சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என் பிழைப்பு. அம்மாவிடம் மட்டும் குறைத்துக்கொள்கிறேன். அவள் காலம் வரைக்கும் அது யாரோ ஒரு கம்பெனிக்காரன் கட்டியது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பாலத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் இன்னும் காறித் துப்பிவிட்டுத்தான் போகிறேன். வாசல் கல்லில் உன் பெயரையும் கடிதம் கொடுக்க வந்த அன்றைக்குப் பார்த்தேன். மேலே ஒரு பூச்சட்டியை வைத்துப் பாதியை மறைத்திருக்கிறார்கள். காவலாளியிடம் சொல்லி நகர்த்த வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. நண்டுக் குழம்பு வைக்கச் சொல்லி அம்மா உத்தரவு. காரை டவரில் போட்டுவிட்டு வருவாய், தெரியும். பாலத்து வழியாக மட்டும் வராதே. அவள் காலையிலிருந்து ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பாள், அந்தக் கண்ணாடிக்குள்ளே நடக்கிற ஒவ்வொருத்தனையும் வைதுகொண்டு.

கீழே இறங்கித் தெரு வழியாக வா.

அக்கா